தாடை வீக்கமும் ஒரு வைரஸும்

கம்பாலாவில் கண்டது

1957-இல் உகாண்டாவின் முலாகோ மருத்துவமனைக்கு ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டிலும் இருபுறமும் வீக்கம். அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட்டுக்கு அது சீழ்க்கட்டியாகப் படவில்லை. பிறகு அதே வீக்கத்தோடு வேறு குழந்தைகளும் வந்தார்கள். 1961-இல் ஒரு பழைய காரில் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் நோய் இருந்தது. குளிர்ந்த மலைப்பகுதிகளில் இல்லை. மலேரியாவும் அப்படித்தான்.

அதே ஆண்டு லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட ஆய்வாளர் ஆந்தனி எப்ஸ்டைன், இந்தப் புற்றின் பின்னால் வைரஸ் இருக்கும் என்று சந்தேகித்தார். கம்பாலாவிலிருந்து கட்டித் துணுக்குகள் விமானத்தில் வந்தன. 1963 டிசம்பரில் பனிமூட்டத்தால் ஒரு விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட, தாமதமாக வந்த திரவம் கலங்கிக் கிடந்தது. பாக்டீரியா சேர்ந்துவிட்டதென்று யாரும் கொட்டியிருப்பார்கள். எப்ஸ்டைன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்: உயிருள்ள புற்றுசெல்கள் மிதந்தன. 1964-இல் அவற்றுக்குள் தென்பட்டதே எப்ஸ்டைன்-பார் வைரஸ்.

வைரஸ் மட்டும் போதாது

உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் இந்த வைரஸ் உண்டு. எச்சில் வழியாகத் தொற்றி, ரத்த வெள்ளணுக்களில் ஒருவகையான பி செல்லில் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். புற்றாவது மிக அரிது. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும் குழந்தைகளில் பி செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. வைரஸை அடக்கிவைக்கும் எதிர்ப்பும் தளர்கிறது. அந்தப் பெருக்கத்தில் குரோமோசோம் துண்டு ஒன்று இடம் மாறி ஒட்டினால் செல் கட்டுமீறுகிறது.

இன்னும் சில

தென்மேற்கு ஜப்பானில் அதிகம் காணப்படும் ஹெச்டிஎல்வி-1 வைரஸ், தாய்ப்பால் வழியாகவும் பரவி, பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்கு டி செல் ரத்தப்புற்றைத் தருகிறது. ஹெபடைடிஸ் சி கிருமியை மருந்தால் ஒழித்ததும் சிலவகை லிம்போமா (நிணநீர்ப் புற்று) தானே சுருங்கியிருக்கிறது. வைரஸ் புற்றை உண்டாக்கும் என்பதற்கு எனக்கு இதுதான் வலுவான சாட்சி.

நெறி கட்டினால்

எல்லா நெறியும் லிம்போமா அல்ல. சளி, சொத்தைப்பல்லால் கட்டிய நெறி பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். வலியில்லாமல் வளர்ந்துகொண்டே போனாலோ, இரவில் வியர்த்து உடல் மெலிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். எப்ஸ்டைன்-பார் ரத்தப் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது ஏறக்குறைய எல்லோருக்கும் பாசிட்டிவ்தான். தேவைப்படுவது பயாப்ஸி. அதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட்டால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியே பிடிகொடுக்காமல் போகலாம்.