தட்டைப் பூமியில் ஒரு சொந்தபந்தம்

2024 டிசம்பரில் வில் டஃபி என்ற அமெரிக்கப் போதகர், பூமி தட்டை என்று நம்பும் ‘தட்டைப் பூமிக்காரர்கள்’ சிலரை அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். அவர்களுடைய வரைபடத்தில் அண்டார்டிகா என்றொரு கண்டமே கிடையாது. வட துருவம் தட்டின் நடுவில். விளிம்பைச் சுற்றிலும் பனிச்சுவர். சூரியன் சின்னதாக, தட்டுக்கு மேலேயே வட்டமடிக்கிறது. இந்தக் கணக்குப்படி, விளிம்பில் நிற்பவருக்கு 24 மணி நேரமும் சூரியன் தெரிய வழியில்லை. ஆனால் யூனியன் கிளேசியர் முகாமில் நின்று பார்த்தபோது, சூரியன் அடிவானத்தைத் தொடாமலே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பல வருடங்களாக யூடியூபில் தட்டைப் பூமிக்காக வாதாடிய ஜெரன் கேம்பனெல்லா, தான் நம்பியது தவறு என்று கேமரா முன்னாலேயே சொன்னார். உடன் வந்த இன்னொருவர் சூரியன் மறையவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அதனால் பூமி உருண்டை என்று ஆகிவிடாது என்றார்.

பழைய தோழர்கள் கேம்பனெல்லாவைச் சும்மா விடவில்லை. காசுக்கு விலைபோய்விட்டான் என்றார்கள்; ஸ்டுடியோவில் பச்சைத் திரை கட்டி எடுத்த படம் என்றார்கள். சூரியனைப் பற்றிப் பேசியவர்களைவிட அவரைப் பற்றிப் பேசியவர்களே அதிகம் என்று தோன்றியது. இவர்களை அறிவில்லாதவர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளினால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்காமலே போகும்.

இந்தக் காலத்துத் தட்டைப் பூமிக்கு வித்து இட்டவர் சாமுவேல் ரோபாதம் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் பழைய பெட்ஃபோர்ட் கால்வாய் சுமார் ஆறு மைல் தூரம் வளையாமல் நேராக ஓடுகிறது. 1838இல் அதன் தண்ணீருக்குள் இறங்கி, நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே கண்ணை வைத்து, கொடி கட்டிய படகு ஒன்று போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பூமி உருண்டை என்றால் ஆறு மைலில் 24 அடி சரிவு இருக்க வேண்டும். படகோ கண்ணை விட்டு மறையவில்லை. நீர்ப்பரப்பை ஒட்டிய காற்றில் ஒளி வளைந்து வரும் என்பது அவர் கணக்கில் இல்லை. ஆனால் அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசியதில் ஒரு கவர்ச்சி இருந்தது: பேராசிரியர் சொல்வதை நம்பாதே, உன் கண்ணை நம்பு. பள்ளிப்படிப்பு இல்லாத மனிதனிடம் இப்படி யார் சொல்லியிருக்கிறார்கள்? விஞ்ஞானம் மதிக்க வேண்டிய வாக்கியம்தான் இது, பாதியில் நிறுத்தப்பட்டது என்பதைத் தவிர.

ரோபாதமை நம்பிய ஜான் ஹாம்ப்டன் 1870இல் 500 பவுன் பந்தயம் கட்டினார். ஏற்றுக்கொண்டவர் சாதாரண ஆள் அல்ல: டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இளம் வயதில் நில அளவை வேலை பார்த்தவர் என்பதால் ரோபாதமின் பிழை அவருக்குத் தெரியும். அதே கால்வாயில், நடுவழியில் ஒரு குறியும் மறுமுனையில் ஒரு குறியும் நீரிலிருந்து ஒரே உயரத்தில் வைத்து, ஒரு பாலத்தில் அதே உயரத்திலிருந்து தொலைநோக்கியில் காட்டினார். நடுக்குறி மேலே தூக்கித் தெரிந்தது. ஹாம்ப்டனின் தரப்பு நடுவரும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, ஜெயித்தது நாங்கள்தான் என்று அறிவித்தார்! ஹாம்ப்டனோ தொலைநோக்கிப் பக்கமே வரவில்லை. தன் ஆள் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கண்ணை மட்டும் நம்பு என்று தொடங்கிய கூட்டம், 32 வருடத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பொது நடுவர் வாலஸுக்கே தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு சுமார் பதினைந்து வருடம் வசைக் கடிதம், வழக்கு, வாலஸின் மனைவிக்குக்கூட மிரட்டல். ஹாம்ப்டன் சிறைக்கும் போனார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று பணம் ஹாம்ப்டனுக்கே திரும்பிப் போனது. மிச்சமாக வாலஸுக்குப் பல நூறு பவுன் நஷ்டம்.

பிறகு இதே நம்பிக்கை ஒரு முழு ஊரையே பிடித்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் சயான் என்று ஒரு ஊர். திருச்சபை கட்டிய ஊர். மனைகள் விற்கப்படவில்லை, 1,100 வருடக் குத்தகைக்கு விடப்பட்டன. சாராயம், புகையிலை, பன்றிக்கறி மூன்றும் கூடாது என்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்பர் கிளென் வோலிவா அதன் தலைவரானார். சபைப் பள்ளிகளில் பூமி தட்டை என்றே பாடம் நடந்தது. சொந்த வானொலியிலும் அதுவே. உருண்டை என்று நிரூபிப்பவருக்கு 5,000 டாலர் பரிசு என்று சவால் விட்டார். மனை, பள்ளி, பிரசங்கம் எல்லாம் ஒரே கையில் இருக்கும் ஊரில், பூமி உருண்டை என்று சொல்லத் துணிபவன் வானியலில் மட்டுமா முரண்படுகிறான்?

இன்றைக்கு அப்படி ஒரு ஊர் தேவையில்லை. 2015 வாக்கில் மார்க் சார்ஜென்ட் போன்றவர்கள் யூடியூபில் வீடியோ போடத் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில், 2017 நவம்பரில், வட கரோலினாவில் பன்னாட்டு மாநாடு. ஆஷ்லி லாண்ட்ரம் என்ற ஆய்வாளர் மாநாடுகளுக்குப் போய் முப்பது பேரிடம் பேசியபோது, கிட்டத்தட்ட எல்லோருமே யூடியூப் வழியாக வந்தவர்கள் என்று தெரிந்தது. வேறு சதிக் கதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யூடியூபே இதையும் எடுத்து நீட்டியிருக்கிறது. பொய்யென்று காட்டத்தான் பார்த்தோம், முடியாமல் நம்பிவிட்டோம் என்று சிலர் சொன்னார்களாம். 2019 ஜனவரியில் இத்தகைய வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக யூடியூப் அறிவித்தது. அதற்குள் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். வீட்டில் சிரிப்புக்கு ஆளானவருக்கு மாநாட்டில் ‘ஆராய்ச்சியாளர்’ என்று மரியாதை. மேடை, கைதட்டல், சிலருக்குக் காதலும்கூட. எந்தப் பல்கலைக்கழகமும் இவர்களுக்கு இதைத் தரவில்லை.

2018இல் வந்த ‘பிஹைண்ட் தி கர்வ்’ ஆவணப்படத்தில் இவர்களில் ஒரு குழு சுமார் 20,000 டாலருக்கு லேசர் கைரோஸ்கோப் வாங்குகிறது. பூமி சுழலவில்லை என்று காட்டத்தான். கருவி மணிக்கு 15 டிகிரி நகர்வைக் காட்டியது. சுழலும் பூமியில் காட்ட வேண்டிய அதே அளவு. ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு, வானத்திலிருந்து ஏதோ ஆற்றல் வந்து கெடுக்கிறதோ என்று கருவியை மூடிவைக்க வழி தேடினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லவே முடியாது. அந்தப் பணத்தையும் உழைப்பையும் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அதே படத்தில் பேட்ரிசியா ஸ்டியர் என்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர் வருகிறார். இயக்கத்துக்குள்ளேயே சிலர் அவரை உளவாளி என்கிறார்கள். ஆதாரம்? பேட்ரிசியா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி மூன்று எழுத்துகள் சி.ஐ.ஏ. எத்தனை சான்றிதழைக் காட்டினாலும் அவர்கள் நம்பப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிகிறது. நானும் வேறு விஷயங்களில் இப்படித்தான் நடந்துகொள்கிறேனோ என்று கேமரா முன்னால் ஒரு கணம் யோசிக்கிறார். இல்லை, நான் அப்படி இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறார்.