உங்களுக்குத் தெரியுமா? திண்டுக்கல்லின் கிரிக்கெட் நத்தத்தில்!

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கியபோது ஆட்டங்கள் நடந்த மூன்றே இடங்களில் ஒன்று, திண்டுக்கல்லிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள நத்தம். அங்கே ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது என்.பி.ஆர். மைதானம்.

அந்த முதல் சீசனில் திண்டுக்கல் டிராகன்ஸுக்குப் பந்து வீசியவர் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம், போன விலை 3 கோடி!

2019 டிசம்பரில் இதே மைதானத்தில் ரஞ்சி ஆட்டம். கர்நாடகத்தின் கிருஷ்ணப்பா கௌதம் 14 விக்கெட் சாய்த்தார். சொந்த மண்ணிலேயே தமிழ்நாடு 26 ரன்னில் தோற்றது. டிராகன்ஸ் முதல்முறை டி.என்.பி.எல். கோப்பையைத் தூக்கியது 2024-ல், அஸ்வின் தலைமையில். அதுவும் சேப்பாக்கத்தில்தான்.

திண்டுக்கல்லின் மைதானம் இப்படி ஊரைவிட்டுத் தள்ளி இருக்க, அமெரிக்காவில் மைனர் லீக் பேஸ்பால் மைதானங்கள் பல கடைத்தெருவை ஒட்டியே இருக்கும். டர்ஹம் நகரில் 1995-ல் திறந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே பழைய புகையிலை ஆலை. அணியின் பெயரான 'புல்ஸ்' வந்ததும் ஒரு புகையிலை பிராண்டிலிருந்துதான். சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்கு அதைவிடப் பொருத்தமான பங்காளி ஊர் கிடைக்குமா? ஆனால் ஆட்டம் முடிந்ததும் நடந்தே போய்ச் சீரகச் சம்பா பிரியாணி சாப்பிடும் யோகம் நம் ரசிகருக்கு இல்லை. தலப்பாக்கட்டி பிரியாணிக் கடை 1957-ல் தொடங்கியது திண்டுக்கல் நகரில். நத்தத்திலிருந்து பஸ் ஏறித்தான் வர வேண்டும்.