நூறு பணமும் நூறு பறவையும்

கையிலுள்ள பணமும் இவ்வளவுதான், வாங்கவேண்டிய உருப்படியும் இவ்வளவுதான் என்று இருபுறமும் கட்டுண்ட ஒருவன், கூறு கட்டி விற்கிற சந்தையில் எதில் எத்தனை கூறு எடுப்பது என்று தீர்மானிக்கவேண்டிய கணக்கு, இன்றைய பாடப்புத்தகங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கணித சாஸ்திரிகளின் சிந்தையைக் கவர்ந்திருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த ஜைன கணிதர் மகாவீராசாரியர், ‘கணிதஸார ஸங்கிரகம்’ என்னும் தம் வடமொழி நூலில் இதனைப் பறவைக் கணக்காக அமைத்திருக்கிறார். சென்னை மாகாணக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த அந்நூல், 1912-இல் சென்னை அரசாங்க அச்சகத்தின் வாயிலாக வெளியாயிற்று.

கணக்கு இதுதான்: புறா 3 பணத்துக்கு 5, சாரஸம் 5 பணத்துக்கு 7, அன்னம் 7 பணத்துக்கு 9, மயிலோ 9 பணத்துக்கு 3. அரசகுமாரனின் விநோதத்துக்காக 100 பணத்துக்கு 100 பறவை வாங்கிவர வேண்டும். நால்வகையும் வேண்டும், கூறைப் பிரித்துக் கொடுக்கமாட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

இதைக் கண்டதும் நம் மாணவர்கள் தெரியாத நான்கு எண்களுக்கு நான்கு எழுத்துக்களை இட்டு, சமன்பாடு இரண்டுக்குமேல் கிடைக்காமற்போகவே, கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று எண்ணிப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். விடுபட்டது ஒன்றுமில்லை. விலையைச் சற்று உற்றுநோக்கினால், புறாவானாலும் சாரஸமானாலும் அன்னமானாலும் ஒரு கூறு வாங்கும்போது கொடுத்த பணத்தைவிட 2 பறவை அதிகமாகவே கிடைக்கிறது என்பதும், மயிலில் மட்டும் ஒரு கூறுக்குப் பறவையைவிட 6 பணம் அதிகமாகச் செலவாகிறது என்பதும் புலனாகும். பணமும் பறவையும் சரிசமமாக முடியவேண்டுமாகையால், மயிலில் ஒரு கூறு எடுத்தால் மற்றவற்றில் மூன்று கூறு எடுத்தே தீரவேண்டும். இந்த ஒரு யுக்தி கைவந்தபின் எஞ்சியது மனக்கணக்கு.

மயில் 4 கூறு என்றால் 12 மயில். மற்றவை 12 கூறு, அவற்றில் 88 பறவைகள் வரவேண்டும். பன்னிரண்டும் சாரஸமானால் 84-தான் ஆகும்; குறைகிற நான்கை ஈடுசெய்ய, அன்னக் கூறு புறாக் கூற்றைவிட இரண்டு அதிகமாக இருக்கவேண்டும். புறா 3 கூறு, சாரஸம் 4, அன்னம் 5 என்று எடுத்துப் பாருங்கள்: 15, 28, 45, இவற்றோடு 12 மயில், ஆக 100, பணமும் 9, 20, 35, 36, ஆக 100. மயிலை 3 கூறாகக் குறைத்தால் மற்ற 9 கூறும் அன்னமேயானாலும் நூறு எட்டாது. 6 கூறாக உயர்த்தினால் மற்ற 18 கூறும் புறாவேயானாலும் நூறைத் தாண்டிவிடும். ஆகவே மயில் 12 அல்லது 15, வேறு வழியில்லை. முன்னதில் நான்கு விதமாகவும், பின்னதில் இரண்டு விதமாகவும் வாங்கலாம்.

ஒரு கேள்விக்கு ஆறு விடைகள், ஆறும் சரியானவை! பணமுடை மனிதனின் கையைக் கட்டினாலும் அவனுடைய விருப்பத்துக்கு ஓரளவு இடம் விட்டே வைக்கிறது என்னும் வாழ்க்கை உண்மை இக்கணக்கில் அப்படியே அமைந்திருக்க, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட ஒற்றை விடையோடு ஒத்துப்போவதே கணிதம் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோமே என்பதுதான் என் மனக்குறை. எகிப்து தேசத்துக் கணிதர் அபூ காமில், இத்தகைய பறவைக் கணக்குகளுக்கென்றே ஒரு நூல் செய்து, அவற்றுள் ஒன்றுக்கு 2,676 விடைகள் உண்டென்று காட்டினார். அத்தனையையும் எண்ணி முடித்த பொறுமையை என்னென்பது!

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துக் கணிதம் தொடங்குமுன் ஒரு பாடவேளையை இப்பறவைகளுக்கு ஒதுக்குங்கள். மேலே ஒரு விடையைத்தான் முழுமையாகத் தந்திருக்கிறேன், மற்ற ஐந்தையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.