கூடாரம் அடிக்கும் முன்

கோடை விடுமுறை வந்தால் முதுகுப் பையும் கூடாரமுமாக மலைக்குக் கிளம்பும் இளைஞர்களுக்கு வசதியான ஊர் குப்பம். சென்னை-பெங்களூர் ரயில் பாதையில், ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஏலகிரி. ஆனால் குப்பத்தைச் சுற்றியுள்ள காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காரணம், யானைகள்.

ஓசூர், தர்மபுரி காடுகளிலிருந்து 1980களில் இங்கே குடிபெயர்ந்தவை இவை. இவற்றுக்காகவே 1990இல் சுமார் 357 சதுர கி.மீ. பரப்பில் கௌண்டின்யா சரணாலயம் உருவானது. கோடையில் ஓடைகள் வற்றியதும் மிஞ்சிய குட்டைகளைத் தேடி யானைகள் வரும். மலையேறுபவர்கள் தங்க விரும்புவதும் அதே தண்ணீரோரத்தில்தான். வயலில் புகும் யானைகளை விரட்ட 2025 மே மாதம் கர்நாடகம் 4 கும்கிகளை ஆந்திரத்துக்குத் தந்தது.

இன்னொரு ஆபத்து நெருப்பு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு தமிழகம் விதிகளை இறுக்கியது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை முன்பதிவு, வழிகாட்டி ஏற்பாட்டுடன் திறந்தது. தீப்பிடிக்கும் பருவத்தில் அவையும் மூடப்படுகின்றன.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவது வீரம் அல்ல. விடுமுறை முடிந்ததும் நகரவாசி ரயிலேறிவிடுவார். மிரண்ட யானையை இரவில் எதிர்கொள்ளப்போவது குப்பத்து விவசாயிதான்.