வகுப்பறைக் கதவு – 8: அளந்தவர் யார்?

காய்கறி வயல்களுக்குப் பேர்போனது கலிஃபோர்னியாவின் மான்டரே கவுண்டி. அங்கே பள்ளியில் படித்த மெக்சிக வம்சாவளிக் குழந்தைகள் ஒன்பது பேருக்காக 1970இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பள்ளி அவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனையை ஆங்கிலத்தில் வைத்தது. கிடைத்த மதிப்பெண்ணைக் கொண்டு, மூளை வளர்ச்சி குன்றியோர் என்று அந்தக் காலத்தில் அழைக்கப்பட்டவர்களுக்கான வகுப்பில் உட்கார வைத்தது. பிறகு இரு மொழியும் தெரிந்த ஒருவர் அதே குழந்தைகளை மறுபடி சோதித்தார். பெரும்பாலானோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. இதுதான் டயானா வழக்கு.

அடுத்த ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோவில் லாரி பி. வழக்கு வந்தது. அந்நகரப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் 28.5 சதவீதம், இதே வகையான தனி வகுப்புகளிலோ அவர்கள் 66 சதவீதம். வழக்குத் தொடுத்த குழந்தைகளைக் கறுப்பின உளவியலாளர்கள் சிலர் மறு சோதனை செய்தார்கள். முதலில் பிள்ளையோடு பழகினார்கள். கேள்விகளை அவன் அன்றாடம் கேட்கும் சொற்களில் கேட்டார்கள். பதில் புத்தகத்தில் உள்ளபடி இல்லாவிட்டாலும், அதில் யோசனை தெரிந்தால் ஏற்றுக்கொண்டார்கள். தனி வகுப்புக்கு அனுப்பும் எல்லைக்கோடு 75 புள்ளி. அத்தனை பேரும் அதற்கு மேல் எடுத்தார்கள். கறுப்பினக் குழந்தைகளை இப்படி வகுப்பு பிரிக்க நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக்கூடாது என்று நீதிபதி ராபர்ட் பெக்கம் 1979இல் தீர்ப்பளித்தார்.

இரண்டு வழக்கிலும் குழந்தைகள் மாறவில்லை. அளந்த கை மாறியது. களத்துமேட்டில் நெல்லை விலை பேசி வாங்க வந்த வியாபாரியே தன் தராசைக் கொண்டுவந்து நிறுத்தினால் எந்த விவசாயியும் ஒரு கணம் யோசிப்பார். பிள்ளையின் விஷயத்தில் அந்த யோசனைக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்ற வாரம் பார்த்த, மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளின் கல்விக்கான அந்த 1975ஆம் ஆண்டுச் சட்டம், 1990இல் ‘ஐடியா’ என்று பெயர் மாறி இன்றும் நடப்பில் உள்ளது. மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு என்ன உதவி தேவை என்பதை மதிப்பிடும் பொறுப்பை அது பொதுப் பள்ளி நிர்வாகத்திடம், அதாவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிடம் கொடுத்தது. பேச்சுப் பயிற்சிக்கும் உதவியாளருக்கும் செலவு செய்ய வேண்டியதும் அதே டிஸ்ட்ரிக்ட்தான். அங்கே வேலை செய்யும் உளவியலாளர்களில் நேர்மையானவர்கள் ஏராளம். ஆனாலும் செலவு செய்பவரே தேவையையும் அளக்கும் ஏற்பாட்டில் பெற்றோருக்கு ஒரு மறுவழி வேண்டும். அந்த வழிதான் சுயேச்சைக் கல்வி மதிப்பீடு. ‘ஐ.இ.இ.’ என்று அங்குள்ள பெற்றோர் சொல்வது இதைத்தான்.

டிஸ்ட்ரிக்ட் செய்த மதிப்பீட்டை ஏற்க முடியவில்லை என்றால், டிஸ்ட்ரிக்டின் ஊழியர் அல்லாத, உரிய தகுதி பெற்ற ஒருவரிடம் மறு மதிப்பீடு கேட்கலாம். செலவு டிஸ்ட்ரிக்டுடையது. நரம்பியல் உளவியலாளர் ஒருவரின் முழு மதிப்பீட்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும் நாட்டில் இது சாதாரண உரிமை இல்லை.

மறு மதிப்பீடு கேட்டுப் பெற்றோர் எழுதும் கடிதம் கையில் கிடைத்ததும் டிஸ்ட்ரிக்டுக்கு இரண்டே வழிகள். ஒன்று, செலவை ஏற்க வேண்டும். இல்லையேல், தன் மதிப்பீடு முறையானதுதான் என்று நிரூபிக்க ‘டியூ ப்ராசஸ்’ எனப்படும் நடுநிலை விசாரணைக்குத் தானே போக வேண்டும். சும்மா இருக்க முடியாது. ‘முடியாது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டும் ஒதுங்க முடியாது. இதன் அருமை புரிய 2005ஆம் ஆண்டின் ஷாஃபர் தீர்ப்பைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் கல்வித் திட்டம் போதாது என்று வழக்குப் போடும் பெற்றோரே அதை நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் நிபுணர் இல்லாத பெற்றோர் என்ன செய்வார்கள்? தீர்ப்பை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் இந்த மறு மதிப்பீட்டு உரிமையைத்தான் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு, வழக்கில் வென்றாலும் நிபுணருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆக, கையில் காசில்லாத குடும்பத்துக்கு ஒரு நிபுணரின் சொல் கிடைக்க இந்த ஒரு வாசல்தான் பெரிதும் மிஞ்சியிருக்கிறது. இந்த உரிமை தங்களுக்கு உண்டு என்பதே தெரியாமல் பெற்றோர் அறிக்கையில் கையெழுத்திட்டுத் திரும்புவது என்னைப் பொறுத்தவரை பெரிய அநியாயம்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர், எந்தத் தேதியிட்ட மதிப்பீடு, அதை நாங்கள் ஏற்கவில்லை, பொதுச் செலவில் சுயேச்சை மதிப்பீடு கேட்கிறோம், உங்கள் நிபந்தனைகளையும் மதிப்பீட்டாளர்கள் பற்றிய விவரங்களையும் அனுப்புங்கள். இவ்வளவு போதும். ஏன் ஏற்கவில்லை என்று டிஸ்ட்ரிக்ட் கேட்கலாம். பதில் சொன்னால்தான் ஆயிற்று என்று வற்புறுத்தக் கூடாது. பெற்றோர் நிபுணர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘எங்கள் பிள்ளை இந்த அறிக்கையில் இல்லை’ என்ற உணர்வே கடிதம் எழுதப் போதுமான காரணம்.

செய்த சோதனை மட்டுமல்ல, செய்யாமல் விட்ட சோதனையும் கேள்விக்குரியதே. வாசிக்கத் திணறும் சிறுமிக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்துவிட்டு, சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளை அவள் பிரித்துக் கேட்கிறாளா என்று பார்க்காமலே விட்டிருக்கலாம். அந்த விடுபட்ட பகுதிக்காகவும் ஐ.இ.இ. கேட்கலாம் என்று அமெரிக்கக் கல்வித் துறை 2015இல் ஒரு கடிதத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு டயானா வழக்கு பழங்கதை அல்ல. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த நான்கு வயதுப் பையன் படத்தைப் பார்த்து ‘குடை’ என்கிறான். ஆங்கிலச் சொல்லை மட்டும் ஏற்கும் சோதனையில் அது தவறான விடை. பிள்ளையின் திறமையைச் சரியாகக் காட்டக்கூடிய மொழியில், நடைமுறையில் முடிந்தவரை, சோதிக்க வேண்டும் என்பது விதி. தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் அரிது. அதற்காகக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, வீட்டு மொழியை அறிக்கை கணக்கில் எடுத்ததா என்று பார்ப்பது பெற்றோரின் முதல் வேலை.

இந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. டிஸ்ட்ரிக்டின் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒருமுறைதான் பொதுச் செலவில் மறு மதிப்பீடு. மதிப்பீட்டாளரின் தகுதியும் சோதனை நடக்கும் இடமும் டிஸ்ட்ரிக்ட் தனக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளுக்குள் அடங்க வேண்டும். ‘தேவையற்ற தாமதமின்றி’ பதில் தர வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறதே ஒழிய, இத்தனை நாள் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு பள்ளி ஆண்டு என்பது திரும்பக் கிடைக்காத காலம். இங்கே நாள் குறிக்காமல் விட்டது சட்டத்தின் குறை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. புதிய அறிக்கையை டிஸ்ட்ரிக்ட் பரிசீலித்தே ஆக வேண்டும். ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. கூட்டத்தில் அறிக்கையைப் புரட்டிவிட்டு ‘பார்த்துவிட்டோம்’ என்று மூடி வைப்பதும் நடக்கிறது. அப்போது பெற்றோர் கேட்க வேண்டியது எழுத்துமூல அறிவிப்பு. நாம் கேட்ட உதவியை மறுத்தால், ஏன் மறுத்தார்கள், எந்த மதிப்பீட்டை ஆதாரமாகக் கொண்டார்கள் என்று டிஸ்ட்ரிக்ட் அதில் எழுதித் தர வேண்டும். மறுப்பு காகிதத்தில் வந்துவிட்டால், அந்தக் காகிதமும் புதிய அறிக்கையும் விசாரணை அதிகாரியின் மேசையில் சாட்சியங்களாகின்றன. அந்த விசாரணை எப்படி நடக்கும், வக்கீல் இல்லாமல் பெற்றோர் வாதாட முடியுமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.