வேண்டாம் என்னும் சொல்

மலையேற்றத்தின் வரலாற்றிலே விநோதமான பிரிவு ஒன்று உண்டு. ஏறும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, இறங்கும் இன்பத்தை மாத்திரம் மனிதன் தனக்கென வைத்துக்கொண்ட பிரிவு அது. விடுமுறைப் பயணிகள் பதினொருவரும் வழிகாட்டி ஒருவரும் ஹெலிகொப்டரில் ஏறுவர். பாதையோ, கம்பிவடமோ, மனித வாடையோ இல்லாத சிகரம் ஒன்றின் தோளிலே அது அவர்களை இறக்கிவிட்டுப் பறந்துவிடும். வழிகாட்டி முன்னே செல்ல, கால்களிலே நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிய அவர்கள், எவர் தடமும் படாத வெண்பனியிலே வளைந்து வளைந்து பள்ளத்தாக்குவரை வழுக்கி இறங்குவர். அங்கே ஹெலிகொப்டர் மீண்டும் வந்து ஏற்றிக்கொள்ளும். மறுபடியும் சிகரம், மறுபடியும் சரிவு. பகல் முழுவதும் இதுவே தொழில்.

இத்தகைய விடுமுறை வாரம் ஒன்றுக்குக் கனடாவிலே ஒருவர் பத்தாயிரம் டொலருக்கு மேற் செலுத்துகிறார். இருந்தும் ஆண்டுதோறும் திரும்பி வருவோர் பலர். தாம் இறங்கிய உயரங்களையெல்லாம் கூட்டிக் கணக்கு வைத்து, மொத்தம் பத்து இலட்சம் அடியை எட்டியவருக்குச் சிறப்பு உடை ஒன்றைப் பரிசளிக்கும் வழக்கமும் உண்டு. இவர்கள் இவ்வளவு பணத்தைக் கொடுத்து வாங்குவதுதான் யாது? எரிபொருளையா, விடுதியின் விருந்தையா, பனியையா? அந்நாட்டின் மேற்குப் பகுதியிலே சில மாதங்கள் தங்கியிருந்த காலத்தில் இக்கேள்வி என்னை விடாது தொடர்ந்தது. எனக்குக் கிடைத்த விடையை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனி விழும் மலைகள்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உட்பகுதியிலே பேர்சல், செல்கேர்க், மொனாஷீ, கரிபூ என்னும் நான்கு மலைத்தொடர்கள் உள்ளன. பசுபிக் சமுத்திரத்திலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று இம்மலைகளிலே மோதி மேலெழுந்து குளிர்ந்து, தன் சுமையைப் பனியாகச் சொரிகிறது. கடற்கரையிலிருந்து தொலைவில் இருப்பதால் இங்கு விழும் பனி ஈரங்குறைந்தது, பஞ்சுபோல் இலேசானது. உயர்ந்த சரிவுகள் சிலவற்றிலே ஒரு மாரியில் விழும் பனியின் அளவு பத்து மீற்றரையும் தாண்டும்.

இப்பனியின் மற்றொரு முகத்தை அந்நாட்டார் வெகுகாலத்துக்கு முன்பே கண்டனர். செல்கேர்க் மலைகளை ஊடறுத்துச் செல்லும் றொஜர்ஸ் கணவாயிலே, 1910ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி இரவு, புகையிரதப் பாதையை மூடிய பனியை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் 58 பேரை இன்னொரு பனிச்சரிவு கொண்டுபோயிற்று. அவர்களுள் 32 பேர் பிழைப்புத் தேடி வந்த ஜப்பானியர். விளையாட்டுக்காக அன்று, வயிற்றுக்காக மலைக்குச் சென்றவர்கள் அவர்கள்.

பேர்சல் தொடரிலே பகபூ என்றொரு பகுதி உண்டு. பனிக்கட்டியாறுகளின் நடுவே கருங்கற் கோபுரங்கள் ஈட்டிபோல் எழுந்து நிற்கும் இடம் அது. உலோகம் தேடி வந்து ஏமாந்த சுரங்கக்காரர், பயனற்று முடியும் வழியைக் குறிக்கத் தாம் வழங்கிய கொச்சைச் சொல்லையே அதற்குப் பெயராக இட்டனர் என்பர். ஒஸ்திரிய வழிகாட்டியான கொன்றாட் கைன் என்பார் 1916இல் இங்குள்ள பகபூச் சிகரத்தில் முதன்முதலாக ஏறினார். அரை நூற்றாண்டின் பின் அதே இடத்துக்கு இன்னோர் ஒஸ்திரியர் வேறு விதமாக வந்து சேர்ந்தார்.

ஹான்ஸ் குமோசர்

1932இல் பிறந்த ஹான்ஸ் குமோசர், போரினால் நலிந்த தம் நாட்டை விட்டு 1951இல் கனடாவுக்கு வந்தார். முதலில் மரம் வெட்டும் முகாமிலே உழைத்தார், பின்னர் வழிகாட்டியானார். அக்காலத்துப் பனிச்சறுக்குப் பயணம் வேர்வை சிந்தும் காரியம். பின்னோக்கி வழுக்காதிருக்கக் கட்டைகளின் அடியிலே தோற்பட்டை ஒட்டி, அரைநாள் முழுதும் ஏறினாலே ஒருமுறை இறங்க முடியும். குமோசர் அவ்வகையில் வல்லவர். 1963இல் அலாஸ்காவின் டெனாலி மலையிலே விக்கர்ஷாம் சுவர் எனப்படும் வடமுகத்தில் ஒரு புதிய வழியே ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கனடிய மலை வழிகாட்டிகளின் சங்கம் அதே ஆண்டில் உருவானபோது அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராகவும் விளங்கினார்.

கல்கரி நகரத்துப் புவிச்சரிதவியலாளர் ஆட் பற்றர்சன் என்பார் கோடையிலே ஹெலிகொப்டரில் மலைகளை ஆராய்ந்தவர். மாரியிலே அந்த இயந்திரங்கள் வேலையின்றிக் கிடப்பதைக் கண்ட அவர், பனிச்சறுக்குக்காரரை அவற்றில் ஏற்றினால் என்ன என்று எண்ணினார். பனியின் ஆபத்தை அறிந்த ஒருவர் துணை வேண்டுமெனக் குமோசரை நாடினார். 1963இல் செய்த முதற் சோதனை திருப்தி தரவில்லை. தேசியப் பூங்காக்களில் இதற்கு இடமில்லை. ஆகவே 1965இல் பூங்கா எல்லைகளுக்கு அப்பாலுள்ள பகபூவிலே, கைவிடப்பட்ட மரவாலை முகாம் ஒன்றிலே விருந்தினரைத் தங்கவைத்து, தடவைக்கு இருவராக ஏற்றிச் சென்று, குமோசர் இத்தொழிலைத் தொடங்கினார். 1968இல் அங்கே விடுதி எழுந்தது. அலாஸ்கா, நியூசிலாந்து, இமயமலை என இவ்விளையாட்டு இன்று பல நாடுகளிற் பரந்திருப்பினும், அதன் தாய்வீடு பகபூவே.

சரிவின் கோணம்

நிற்க. இவ்விளையாட்டின் உள்ளே கிடக்கும் சிக்கலை இனி நோக்குவோம்.

பனி ஒரே நாளில் விழுந்து ஒரே திணிவாக உறைவதன்று. படை படையாக விழுகிறது. ஒவ்வொரு படையும் அவ்வேளைக் காலநிலையின் சுவட்டைத் தன்னுட் கொண்டிருக்கும். மேகமற்ற குளிர் இரவுகளிலே பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற பளிங்குகள் முளைக்கின்றன. காலை வெயிலில் அவை மின்னுவது கண்கொள்ளாக் காட்சி. மறுநாள் புதுப்பனி விழுந்து அவற்றை மூடிவிட்டால், அந்த அழகே அபாயமாகிறது. நிறுத்தி வைத்த சீட்டுக்கட்டின் மேல் பலகையைக் கிடத்தியது போன்ற நிலை அது. வாரக்கணக்காக அசையாதிருக்கும். ஒருநாள் ஒரு மனிதனின் பாரம் அதன்மேற் படும். கீழே சீட்டுகள் சாயும். மேலே பலகை முழுவதும் உடைந்து ஓடும். உயிர்ப்பலி கொண்ட பனிச்சரிவுகளிற் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிட்டவர்கள் அதில் அகப்பட்டவர்களோ அவர்தம் கூட்டத்தாரோதான்.

இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் முப்பது பாகைக்கும் நாற்பத்தைந்து பாகைக்கும் இடைப்பட்ட சாய்விலேதான் நிகழும். அதற்குக் குறைந்தால் பனி ஓடாது. கூடினால் பனி தங்காது. பனிச்சறுக்கில் தேர்ந்தோர் பெரிதும் விரும்பும் சாய்வும் அதுவே. இன்பத்தின் கோணமும் மரணத்தின் கோணமும் ஒன்றாயிருப்பதே இவ்விளையாட்டின் அடிப்படைச் சிக்கல்.

பனியிற் புதைந்தவரைத் தேடுவதற்காக ஒவ்வொருவரும் மார்பிலே சிறிய வானொலிக் கருவி ஒன்றை அணிந்திருப்பர். பத்துப் பதினைந்து நிமிடங்களுள் தோண்டி எடுக்கப்பட்டால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தால் பிழைப்போர் சிலரே. மலையுச்சியிலே உதவி என்பது உடன் நிற்கும் பத்துப்பேரின் மண்வெட்டிகளே. ஆதலின், புதைந்தபின் தேடுவதைவிடப் புதையாதிருக்கச் செய்வதே வழிகாட்டியின் முதற் கடமை.

அக்கடமை விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. வழிகாட்டிகள் ஒன்றுகூடி, இரவின் காற்றையும் வெப்பத்தையும் பனியையும் ஆராய்வர். பெயரிடப்பட்ட சரிவுகள் நூற்றுக்கணக்கில் உள்ள பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பச்சை அல்லது சிவப்பு என நிறமிடுவர். ஒருவர் வேண்டாம் என்றாற் போதும், அச்சரிவு சிவப்பாகும். சிவப்பு என்று காலையில் எழுதப்பட்டதை, நண்பகலிலே வெயில் எறித்தாலும் விருந்தினர் மன்றாடினாலும் பச்சையாக்குவதில்லை. பளபளக்கும் சரிவைக் கண்முன் கண்டபின் மனம் தனக்குத் தானே வழக்குரைஞனாகிவிடும் என்பதை அறிந்து வகுத்த விதி அது. தொழிலிலே போட்டியிடும் நிறுவனங்களும், தாம் கண்ட சரிவுகளையும் பனியின் நிலையையும் ஒவ்வொரு மாலையும் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன.

மலை சொல்லாத விடை

கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள கோல்டன் என்னும் சிற்றூரில் நான் தங்கியிருந்த வீட்டுக்கு அயலிலே, ஓய்வுபெற்ற வழிகாட்டி ஒருவர் வசித்தார். எழுபதைத் தாண்டியவர்; இரு முழங்கால்களிலும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். "உங்கள் வாழ்நாளில் மிகக் கடினமான நாள் எது?" என்று ஒருநாள் கேட்டேன். ஏதோ ஒரு விபத்தைக் கூறுவார் என எதிர்பார்த்தேன். அவர் கூறியது ஒன்றும் நடவாத ஒரு நாளைப் பற்றி.

அன்று வானம் தெளிந்து, புதுப்பனி முழங்காலளவு கிடந்ததாம். விருந்தினர் அனைவரும் தேர்ந்தவர்கள். ஒருவர் பத்தொன்பதாவது தடவையாக வந்தவர். எல்லோரும் விரும்பிய சரிவு பட்டியலிலே பச்சையாகத்தான் இருந்தது. இவர் அதன் விளிம்பிலே குழி தோண்டிப் பனிப்படைகளைச் சோதித்தார். வெட்டியெடுத்த பனிக்கட்டி கையால் மெல்லத் தட்டியதுமே வழுக்கியது. "வேண்டாம்" என்று கூறி, அனைவரையும் மரங்களினூடாக மந்தமான வழியொன்றால் இறக்கினார். கொடுத்த பணத்துக்குரிய பனியைத் தாம் பெறவில்லை என்று விருந்தினருள் ஒருவர் நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதினார்.

"பிறகு அந்தச் சரிவு சரிந்ததா?" என்றேன்.

"இல்லை, ஐயா. அன்றும் சரியவில்லை, அந்த மாதமும் சரியவில்லை. வசந்தத்தில் நீராய் உருகிப்போயிற்று. நான் செய்தது சரியோ பிழையோ, மலை எனக்குச் சொல்லவேயில்லை."

சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு அவர் மேலும் சொன்னார்: "நான் அவர்களை அழைத்துப்போயிருந்து, அது சரியாமலும் இருந்திருந்தால், என்னைத் திறமைசாலி என்று மெச்சியிருப்பார்கள். நானும் அதை நம்பியிருப்பேன். எங்கள் தொழிலில் அதுதான் பெரிய ஆபத்து."

இச்சொற்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வைத்தியரின் மருந்து பலித்ததா என்பதை நோயாளியின் உடல் காட்டிவிடும். தச்சரின் அளவு பிசகினால் கதவு காட்டிவிடும். வழிகாட்டியின் மறுப்புக்கோ சாட்சி கிடையாது. அவர் தவறாகச் சம்மதித்த பத்துத் தடவைகளில் ஒன்பது தடவை மலை வாளாவிருக்கும். அந்த மௌனத்தை அவர் அனுபவம் என்று எண்ணிவிடுவார்.

மௌனம் கலைந்த நாட்களும் உண்டு. 1991ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி பகபூவிலே ஒரே பனிச்சரிவு ஒன்பது விருந்தினரின் உயிரைக் குடித்தது. அனுபவம் மிக்க வழிகாட்டிகளைக் கொண்ட இடத்திலேயே இது நிகழ்ந்தது. இறந்தோருள் ஒருவரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கு 1996இல் தள்ளுபடியாயிற்று. விருந்தினர் ஒவ்வொருவரும் பயணத்துக்குமுன் பொறுப்பு விலக்குப் பத்திரம் ஒன்றிற் கையொப்பமிடுகின்றனர். நிறுவனத்தின் கவனக்குறைவால் நேரும் தீங்குக்கும் வழக்காடுவதில்லை என்பது அதன் சாரம். அப்பத்திரம் செல்லும் என்றது நீதிமன்றம். ஆக, விருந்தினர் சட்டத்தின் காவலைத் தாமாகவே கைவிட்டுத்தான் மலைக்குச் செல்கிறார். அவருக்கு மிஞ்சும் காவல் வழிகாட்டியின் வாய்ச்சொல் ஒன்றே.

செல்வமும் இங்கே கவசமாகாது. வோல்ட் டிஸ்னி நிறுவனத்தின் தலைவராயிருந்த பிராங்க் வெல்ஸ் 1994இல் நெவாடா மலைகளிலும், செக் நாட்டின் முதற் செல்வந்தரான பீற்றர் கெல்னர் 2021இல் அலாஸ்காவிலும் இவ்விளையாட்டுக்காகச் சென்று ஹெலிகொப்டர் விபத்துக்களில் மாண்டனர். கெல்னருடன் சென்ற இரு வழிகாட்டிகளும் விமானியும் கூட உயிர் தப்பவில்லை. விருந்தினரின் பெயரை உலகம் பேசிற்று. கூலிக்கு அழைத்துச் சென்றவர்களைப் பற்றிப் பேசியோர் சிலரே.

யார் சொல்லவேண்டிய சொல்?

வேண்டாம் என்னும் சொல்லை வழிகாட்டி மட்டுமன்றி நாடுகளும் சொல்லியுள்ளன. பிரான்ஸ் தேசம் 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டத்தால், உல்லாசத்துக்காக ஹெலிகொப்டரில் ஆட்களை மலையில் இறக்குவதைத் தடைசெய்தது. சுவிற்சர்லாந்து குறித்த சில இறங்குதளங்களில் மாத்திரம் அனுமதிக்கிறது. மலையின் அமைதி எல்லோருக்கும் உரியது என்பது அவர்கள் வாதம். கனடாவிலே மலை மான்களும் காட்டாடுகளும் மாரியில் சேமித்த வலுவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு அஞ்சி ஓடி விரயமாக்கும் என்பதால், அவற்றைக் கண்ட இடங்களைத் தவிர்க்கவேண்டிய விதிகள் உள. இவ்விலங்குகளுக்கு முறைப்பாடு எழுதத் தெரியாது; ஆகையால் அவற்றின் பொருட்டும் வழிகாட்டியே மறுக்கவேண்டியுள்ளது.

குமோசர் 1995இல் தம் நிறுவனத்தை விற்றார். 2006 ஜூலையிலே துவிச்சக்கர வண்டி விபத்தொன்றிற் காலமானார். அவர் மலைகளிலே இன்றும் ஆயிரக்கணக்கானோர் இறங்குகின்றனர். 2023 மார்ச் 1ஆம் திகதி, அதே பேர்சல் தொடரிலே, ஹெலிகொப்டரிற் சென்ற ஜேர்மனியர் மூவர் பனிச்சரிவிலே மாண்டனர்.

பத்தாயிரம் டொலர் கொடுத்து அவர்கள் வாங்குவது யாது என்று தொடக்கத்திற் கேட்டேன். தம்மை மறுத்துரைக்கும் உரிமையுடைய ஒரு மனிதரை வாங்குகின்றனர் என்பதே நான் கண்ட விடை. பணம் கொடுத்தவரின் விருப்பத்தை நிறைவேற்றுவதற்கு உலகிலே எத்தனையோ பேர் உளர். பணம் வாங்கிய கையோடு, அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லி, அதற்காக வரும் முறைப்பாட்டுக் கடிதத்தையும் பொறுத்துக்கொள்பவர் மிகச் சிலர். மாரி முழுவதும் அம்மலைகளிலே நாள்தோறும் விடியுமுன் விளக்கெரியும் அறையிலே அத்தகையோர் சிலர் கூடியிருந்து, தாம் நன்கறிந்த சரிவுகளின் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்துச் சிவப்பு மையால் எழுதுகின்றனர். அதனால் உயிர் பிழைத்தவர் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணிக் கூறல் இயலாது.