“ஜெனரேட்டர் இருக்கிறது” என்ற விடை போதுமா?

எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து செல்லும் முதியோருள் சிலர் முதியோர் இல்லத்துக்கோ, நீண்டகாலப் பராமரிப்பு மையத்துக்கோ செல்கின்றனர். இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தினர் உணவு, தூய்மை, செவிலியர் எண்ணிக்கை, கட்டணம் ஆகியவற்றைக் கவனமாக விசாரிக்கின்றனர். மின்தடை பற்றிக் கேட்கும்போது மட்டும், “ஜெனரேட்டர் இருக்கிறது” என்ற விடையோடு நிறைவடைந்துவிடுகின்றனர். அந்த விடை போதாது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை 2017 செப்டம்பரில் இர்மா புயல் தாக்கியது. அங்கே ஹாலிவுட் என்னும் நகரில் இருந்த பராமரிப்பு இல்லம் ஒன்றில் குளிர்சாதன அமைப்பு மின்சாரமின்றி நின்றுபோனது. கட்டடத்தின் பிற பகுதிகளில் மின்சாரம் இருந்தது, மின்விசிறிகளும் சுழன்றன. ஆயினும் அடுத்த சில நாள்களில் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போயிற்று. 12 முதியோர் உயிரிழந்தனர். பெரிய மருத்துவமனை ஒன்று மிக அருகிலேயே இருந்தது என்பது வேதனைக்குரியது. மின்சாரம் நின்றாலும் 96 மணி நேரம் உள்வெப்பநிலை 81 டிகிரி ஃபாரன்ஹீட்டைத், அதாவது ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் காக்கும் ஏற்பாடு வேண்டும் என 2018இல் அம்மாநிலம் விதித்தது.

முதுமையில் வியர்வை சுரப்பது குறைகிறது; தாக உணர்வும் மங்குகிறது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உடலின் நீர்ச்சத்தை மேலும் குறைக்கக்கூடும். ஆகவே நமக்குச் சிரமமாகத் தோன்றும் புழுக்கம், அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். நம் ஊரிலும் இது நேரக்கூடியதே. 2015, 2023 டிசம்பர் மழைவெள்ளங்களின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன.

எனவே இல்லத்தாரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள்.

முதலாவது, ஜெனரேட்டர் எவற்றை இயக்கும்? விளக்குகளை மட்டுமா, அல்லது முதியவரின் அறையிலுள்ள மின்விசிறி, ஆக்சிஜன் கருவி, சளி உறிஞ்சும் கருவி, படுக்கைப்புண் தடுக்கும் காற்று மெத்தை, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றையுமா?

இரண்டாவது, எவ்வளவு நேரம்? கையிருப்பு டீசல் எத்தனை மணி நேரத்துக்குப் போதும்? புயலன்று பெட்ரோல் பங்க் திறந்திருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

மூன்றாவது, எங்கே இருக்கிறது? தரைக்குக் கீழ்த்தளத்தில் வைக்கப்பட்ட ஜெனரேட்டர் வெள்ளத்தில் மூழ்கிவிடும். கட்டடத்தினுள் வைத்தால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உயிரைப் பறிக்கும்.

நான்காவது, இரவுப் பணியில் இருப்பவருக்கு அதை இயக்கத் தெரியுமா? மாதந்தோறும் கருவிகளின் சுமையோடு அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கிறார்களா?

ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பியிருப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐந்து லிட்டர் கருவி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் கொள்ளும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுள்ள இன்வெர்ட்டர் அதை மூன்று அல்லது நான்கு மணி நேரமே தாங்கும். 1,500 லிட்டர் சிலிண்டர் ஒன்று அருகில் இருப்பின், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் கிடைக்கும். சிலிண்டரோடு அளவுமானியும் குழாயும் பொருந்துகின்றனவா என முன்னதாகவே சரிபார்த்துவிடுங்கள். வீட்டிலேயே பராமரிப்போருக்கும் இது பொருந்தும்.

இவ்வாறு கேட்டால் இல்லத்தார் தவறாக எண்ணுவரோ என்று சிலர் தயங்குகின்றனர். தயங்க வேண்டாம். பொறுப்புள்ள இல்லத்தார் ஜெனரேட்டரைக் காட்டியே விளக்குவர். விடை நிறைவு தராவிடில், மின்தடை நீளும்போது முதியவரை எங்கே, எவ்வாறு மாற்றுவது என்பதை இல்லத்தாரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்ப முதியவருக்குத் தேவையான கருவிகள், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றின் பட்டியலை, மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாளில் எங்கள் செவிலியரிடம் கேட்டுப் பெறுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே அப்பட்டியல் இல்லத்தாரின் கையில் இருக்கட்டும்.